சகலையின் சிங்கப்பூர் டாலர்

தை 15.

சகலை இன்று புது மாடிக்குப் பால் காய்ச்சினான். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். சிங்கப்பூரில் இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்த்தோம். டாலர் நாற்பது ரூபாயைத் தொட்ட அன்றே, இதற்கு மேல் ஏறாதென்று என் சேமிப்பு முழுவதையும் ரூபாயாக மாற்றினேன். அவனையும் மாற்றச் சொன்னேன். சோம்பேறி, அங்குள்ள பேங்கிலேயே போட்டுவைத்தான். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது.

பந்தியில் என் இலைக்கு எதிரே வந்து நின்றான். "உங்க பேச்சைக் கேட்டிருந்தா இந்த மாடி ஏதுண்ணே? இன்னுங் கொஞ்சம் பாயாசம் ஊத்திக்கிறீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

என்னிடம் இப்போது ஒரு டாலர்கூடக் கிடையாது. ஆனாலும் தினமும் விடிந்ததும் போனில் ரேட் பார்க்கிறேன். பத்துப் பைசா குறைந்திருந்தால் அன்றைக்குக் காப்பி நன்றாக இருக்கிறது.