நம் வீட்டுப் பச்சைப் புள்ளி

அன்பு மகள் குருவிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டுவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை. இங்கே என் உடம்பு சுமார், முழங்கால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தால் முறைத்துக்கொள்கிறது. முந்தாநாள்தானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் மாறிவிடுகிறது கண்ணு, சொல்ல வருவது ஒன்று, சொல்லிவிட்டு வைப்பது வேறொன்று. அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இது மூன்றாவது காகிதம், முதல் இரண்டையும் கிழித்துப் போட்டாயிற்று.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று, இப்போது கதவு சாத்த மாட்டேன் என்கிறது. மாடியில் குடியிருக்கும் தையற்காரருக்குப் போன வாரம் மறுபடி நெஞ்சுவலி. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கத் துணிக்குவியல் மேலேயே படுத்திருந்தார். அவர் சம்சாரம் கீழே வந்து, "அண்ணா, வண்டியைக் கூப்பிட வேண்டி வந்தா நீங்கதான் பேசணும், எனக்கு வழி சொல்லத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எந்த வண்டியைக் கூப்பிடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. மார்க்கெட் பக்கத்தில் நிற்குமே ஆம்புலன்ஸ், அதை ஒன்றாம் தேதியிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்களாம். தபால் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

கேட்டுவிட்டு வரலாம் என்று சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரியம்மா தங்கமானவர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பார்த்தால் உன் படம். இரண்டு வருஷம் சனி ஞாயிறு என்று பார்க்காமல் நீ உட்கார்ந்து செய்த நம் ஊர்ப் படம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஒரு புள்ளி, பத்து நிமிஷத்துக்குள் வந்திருந்தால் பச்சை, அதற்கு மேல் மஞ்சள், இருபதைத் தாண்டினால் சிவப்பு, புள்ளியைத் தொட்டால் தேதியும் நிமிஷமும் சொல்லும். முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாயே, இரண்டு விரலால் இழுத்தால் ஊர் பெரிதாகும் என்று, நான் இழுத்த இழுப்பில் ஊரே திரையை விட்டு வெளியே ஓடிவிட்டது. அதெல்லாம் ஞாபகம் வந்து, "இது என் பொண்ணு செஞ்சதும்மா" என்று மார் தட்டிக்கொண்டேன். அவருக்கும் சந்தோஷம். அப்புறம் நம் தெருவைத் தொட்டுக் காட்டினார். எல்லாம் பச்சை. "உங்க பக்கம் வண்டி சீக்கிரமா வந்துடுது சார். அந்தப் பக்கம் எல்லாம் சிவப்பு, அந்த ஜனங்களும் பாவம்தானே" என்றார். நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பச்சை தப்பு என்று சொன்னேன். அதற்கு அவர், "தப்புன்னா உங்க பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதா சார்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. எழுந்தவன் குடையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தது நான். அம்மா போன அன்று போனில் உன்னிடம் என்ன சொன்னேன், "வண்டி உடனே வந்துடுச்சு கண்ணு, அவங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணாங்க" என்று சொன்னேன். அது பொய். நீ அத்தனை தூரத்தில் விமான டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டு நின்றாய், அந்த நேரத்தில் என் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

நடந்ததை இப்போது சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. காலை பத்து பன்னிரண்டுக்கு நான் போன் போட்டேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலும் ஸ்டாப் வாட்சுமாக நின்றவன், எது நடந்தாலும் என் கண் கடிகாரத்துக்குத்தான் போகும், அன்றைக்கும் போனது. பத்து இருபத்தொன்றுக்குத் தெருமுனையில் சைரன் கேட்டது. வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். சாக்கடைக் குழாய் போடத் தெருமுனையைத் தோண்டியிருந்தார்கள், வண்டியால் உள்ளே வர முடியவில்லை. நீ வந்தபோது இரும்புத் தகடு போட்டிருந்தார்கள், உன் கார் அதன் மேல்தான் ஏறி வந்தது. அன்றைக்குத் தகடு இல்லை. சத்தம் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் தள்ளிப் போனது. அம்மா கண்ணை மூடிக்கொண்டே, "வண்டி போயிடுச்சு போலிருக்கே" என்றாள். இல்லை, சுற்றி வருகிறது என்று நான் சொன்னேன். சுற்றித்தான் வந்தார்கள், பின்பக்க வழி கிடங்குக்குள்ளே போகிறது, கிடங்குக்காரர் கேட்டைப் பூட்டியிருந்தார், காவலாளி டீ குடிக்கப் போயிருந்தான். நம் வாசலில் வண்டி வந்து நின்றது பத்து நாற்பத்தாறு. அம்மா பேச்சை நிறுத்தியது பத்து நாற்பது. நானே தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடியிருக்கலாம். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததா, இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நின்றுவிட்டேன். ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஆறு மாசம் கழித்து மருந்துக் கடையில் அந்த டிரைவரைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே வந்தாச்சு பொத்தானை அமுக்கிவிட வேண்டுமாம், "இல்லேன்னா ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன் சார்" என்றார். தெருமுனையில் அமுக்கியது ஒன்பது நிமிஷம், அதுதான் ரிஜிஸ்தரில் ஏறியது, அதுதான் உன் படத்துக்கும் வந்தது. மைதானத்து கேட்டுக்குள் நுழைந்தவனை எல்லாம் ஜெயித்தவன் என்று எழுதுவார்களா? நெஞ்சு போய் எல்லைக்கோட்டு நாடாவைத் தொட வேண்டாமா?

படத்தை முடித்த அன்று நீ போன் பண்ணி, "அப்பா, நம்ம வீட்டுப் புள்ளி ஒன்பது நிமிஷம், பச்சை. மனசு கனமா இருந்தா அதைத் தொட்டுப் பார்த்துப்பேன், அம்மாவுக்கு எதுவும் குறை வைக்கலைன்னு ஒரு நிம்மதி" என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அதை எப்படி வெளியே எடுப்பது என்று தெரியவில்லை. ரிஜிஸ்தர் தப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் நீ, உன்னைச் சந்தேகப்பட விடாமல் செய்தது நான். பொய் நம் வீட்டோடு கிடக்கும் என்று நினைத்தேன். இப்போது அது தெருவையே பச்சையாக்கி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறது.

அலுவலகத்திலிருந்து வந்த மறுநாள் நம் தெருவில் வண்டியைக் கூப்பிட்டிருந்தது நம் வீட்டோடு பதினேழு, மற்ற பதினாறு வீட்டுக்கும் போனேன். ஒருவருக்கும் நேரம் ஞாபகம் இல்லை. ரொம்ப நேரமாச்சு சார் என்கிறார்கள், எவ்வளவு என்றால் தெரியவில்லை. உயிர் போகிற நேரத்தில் யார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், என்னைப் போல ஒரு பாவியைத் தவிர. பதினேழில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு வண்டியை இங்கேயே நிறுத்தி வைத்துவிட முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. மேலே தையற்காரர் இருமினாலே நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

இருந்தாலும் கேட்கிறேன். நம் வீட்டுப் புள்ளியைச் சிவப்பாக்கு. அந்த நிமிஷங்கள் வாசலுக்கு வந்த கணக்கு இல்லை, தெருமுனைக்கு வந்த கணக்கு என்று படத்தின் தலையில் பெரிதாக எழுது. உன் நிம்மதியை நானே கொடுத்து நானே பிடுங்குகிறேன், என்னைத் திட்டு, நாலு நாள் பேசாமல் இரு, ஆனால் புள்ளியை மட்டும் மாற்றிவிடு. அலுவலகத்துக்கு நீயே ஒரு வரி எழுதினால் அந்த அம்மா படிப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு, சுவர் இருந்தால்தான் சித்திரம். மாப்பிள்ளையிடம் நானே சொன்னதாகச் சொல்லிவிடு, அவரிடமும் மறைக்காதே. வாண்டுவை மைதானத்தில் ஓட விடு, எப்போது பார்த்தாலும் திரையைக் கொடுக்காதே. நீங்கள் மூவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் நேரம் பார்த்தவர் கையெழுத்து இல்லாத முடிவை ஏற்க மாட்டார்கள், அதனால் கீழே முறைப்படி எழுதியிருக்கிறேன். யாராவது ஆதாரம் கேட்டால் இந்தத் தாளைக் காட்டு.

அழைத்தது 10.12. தெருமுனை 10.21. வாசல் 10.46. மொத்தம் முப்பத்து நாலு நிமிஷம்.

நேரம் பார்த்தவர்,
உன் அப்பா