துளைக்குப் பக்கத்துக் கீறல்

என் கணவராக இருந்த இயக்குநருக்கு,

நேற்று உங்கள் அருங்காட்சியகத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். சிவப்புக் கல்மணியைக் காட்டி, துளைக்குப் பக்கத்துக் கீறல் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய கைவினைஞனின் முத்திரை என்றீர்கள்.

அது என் கீறல். அந்தக் காலத்தில் எப்படித் துளை போட்டிருப்பார்கள் என்று பார்க்க, நம் சமையலறையில் நான் செய்துபார்த்த மணி அது. அசலோடு கலந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் கீறி வைப்பேன். “காதைக் கிழிக்குது, அந்தக் கருமத்த மொதல்ல மூட்டை கட்டு” என்பீர்களே, அதேதான். நான் விட்டுவந்த டப்பாவை அசல் மணிகளோடு சேர்த்தது நீங்களாகத்தான் இருக்கும்.

“இப்படி ஒரு கை இனிமே பொறக்காது” என்று வேறு சொன்னீர்கள். இத்தனை வருஷத்தில் என் வேலையை நீங்கள் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
கீறியவள்