இரும்பு வெயிலில் உருகாது

உனக்கு,

நேற்று தபாலில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை வந்தது. இப்போதெல்லாம் யாரும் அச்சடித்து அனுப்புவதில்லை. எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வந்துவிடுகிறது. உறையைக் கிழித்ததும் வழவழப்பான தாளிலிருந்து மை வாசனை எழுந்தது. நான் பக்கத்தைப் புரட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தால் நீ படித்திருக்க மாட்டாய். அதனால் இது கொஞ்சம் சௌகரியமாகக்கூட இருக்கிறது.

அந்த வாசனை உனக்கு அவ்வளவு பிடிக்கும். தொண்ணூற்றொன்றாம் வருஷம், நாம் எம்.பி.ஏ. முதல் வருஷம். ஒரகடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து நீ முதல் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் வருவாய். கடைத்தெருவில் எங்கள் எலெக்ட்ரிக் சாமான் கடை வாசலில் நான் நிற்பேன். அங்கிருந்து இருவரும் மெட்ராஸ். ஷேர் வைத்திருக்கிற பேராசிரியர்கள் படித்துவிட்டுப் போடுகிற ஆண்டறிக்கைகளை நீ வாங்கி வந்து, பஸ்ஸில் முதலில் முகர்ந்து பார்ப்பாய். பிறகு பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவாய். “முன்னாடி சேர்மன் எழுதுறது கல்யாணப் பத்திரிகை. பின்னாடிதான் ஜாதகம்” என்பாய்.

அந்த மழைக்காலத்தில் மவுண்ட் ரோட்டில் ஒரு நிதி நிறுவனம் பங்கு ஆராய்ச்சிக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருந்தது. நம் கல்லூரியிலிருந்து ஒருவரை கோடைப் பயிற்சிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். இப்போது இன்டர்ன்ஷிப் என்கிறோம். அப்போது சம்மர் டிரெய்னிங். ஏதாவது ஒரு கம்பெனியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு நேர்முகத்துக்கு வர வேண்டும். அதன் பங்கை வாங்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். உன்னையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இடம் ஒன்று, ஆள் இரண்டு என்பதை நாம் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் தயாரானோம். நீங்கள் மாதா கோயிலுக்குப் போய்த் திரும்பியதும் நான் வந்துவிடுவேன். கட்டிலில் உட்கார்ந்துகொண்டு நீதான் நேர்முகம் நடத்துவாய். உன்னைப்போல ஈவிரக்கமில்லாமல் என்னைக் கேள்வி கேட்டவர்கள் அதற்குப் பிறகும் யாருமில்லை.

“பி.இ. ரேஷியோன்னா இன்னா?”

பங்கின் விலையை அதன் லாபத்தால் வகுப்பது என்று நான் புத்தகத்தில் இருந்ததை ஒப்பிப்பேன்.

“இது எனக்கும் தெரியும். பஸ் கண்டக்டருக்குப் புரியுற மாதிரி சொல்லு.”

நான் திணறுவேன்.

“எழுந்து போ வெளிய. மறுபடி கதவத் தட்டிக்கினு வா.”

மழை பெய்துகொண்டிருக்கும். நான் முற்றத்தில் நனைந்துகொண்டு நின்று, கதவைத் தட்டி, மறுபடியும் வருவேன். ஒருநாள் ஐந்து தடவை வெளியே அனுப்பினாய். ஐந்தாவது தடவை அழுதுவிட்டேன். நீ துண்டுகூட எடுத்துத் தரவில்லை. “அழுவுறதுக்கு மார்க் கெடையாதுடி” என்றாய். இன்னொரு நாள் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாய்: “தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லும்போது நீ சிரிக்கிற. சிரிக்காத. மாட்டிக்குவ.” பிறகு கண்ணாடி முன்னால் நிறுத்தி, சிரிக்காமல் பொய் சொல்ல என்னைப் பழக்கினாய். அதில் நான் சீக்கிரமே தேறிவிட்டேன்.

நான் ஒரு சிமென்ட் கம்பெனியை எடுத்துக்கொண்டேன். நீ எடுத்தது ஒரகடம் ரோட்டில் இருந்த வார்ப்பட ஆலையை. லாரிகளுக்கான இரும்பு உதிரிபாகம் வார்க்கிற இடம். உன் அப்பா அங்கேதான் ஸ்டோர்ஸில் இருந்தார். ஆலை ஒரு மைல் தூரத்தில் இருக்க, நீ ஆண்டறிக்கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே அதன் பொய்யைப் பிடித்துவிட்டாய். இரண்டு வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு என் பக்கம் தள்ளினாய்.

“பாரு. விற்பனை ஏறுது. மின்சாரச் செலவு எறங்குது. கரண்ட்டுலதான் உருக்குறாங்க. அப்ப இரும்பு இன்னா, வெயில்ல வெச்சா உருகுதா?”

எனக்குச் சிலிர்த்தது. இன்று என்னிடம் வேலை பார்க்கிற பையன்கள் பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள். அவர்களில் ஒருவனும் இவ்வளவு எளிதாக ஒரு பொய்யைத் தொட்டதில்லை.

அன்று சாப்பிடும்போது உன் அப்பாவே பேச்செடுத்தார். நான் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டிருந்தேன். அதனால்தான் என் முன்னால் பேசினார். “ஓ.டி. நின்னு மூணு மாசம் ஆவுது பாப்பா. போன சரக்கு பாதி ரிடர்ன் வந்துகினு கீது. பின்னாடி ஷெட்டுல தார்ப்பாயப் போட்டு மூடி வெச்சிக்கீறாங்க. யாரும் கேக்கக்கூடாதாம்.”

அவர் கை கழுவப் போனதும் நீ என் பக்கம் திரும்பினாய். “இத நான் எழுத மாட்டேன். கரண்ட்டு பில்லு அவங்களே அச்சடிச்சிக் குடுத்தது, அதப் பேசலாம். எங்கப்பா சொன்னது இந்த வூட்டுக்குள்ள. வெளிய போச்சுன்னா அவருக்கு வேலை போயிரும். புரியுதா?”

“இதெல்லாம் சொல்லணுமா எனக்கு?” என்றேன்.

நேர்முகத்தன்று நம் இருவரில் நான் முதலில். உள்ளே மூன்று பேர். நடுவில் தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒருவர்; அவர்தான் பெரியவர் என்பது மற்ற இருவரும் பேசாமலிருந்ததில் தெரிந்தது. என் இரண்டு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மற்றக் கல்லூரிகளையும் சேர்த்து சிமென்ட் எழுதிய ஏழாவது ஆள் நீ என்றார் ஆங்கிலத்தில். தாளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்ட எல்லாரும் அப்படித்தான் நிமிர்ந்து பார்த்தார்கள். “சரி, நாட்டுக்கே தெரிந்ததை விட்டுவிட்டு, உன் ஊரைப் பற்றி உனக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது சொல்லேன்” என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

நான் வெளியே அனுப்பப்படப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது. இந்தத் தடவை மறுபடி கதவைத் தட்ட முடியாது.

வார்ப்பட ஆலையின் பெயரைச் சொன்னேன். விற்பனை ஏறுகிறது, மின்சாரச் செலவு இறங்குகிறது என்றேன். சிரிப்பு நின்றது. கண்ணாடிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மின்சாரம் மிச்சமாகிற நல்ல உலையாக மாற்றியிருக்கலாமே. எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய்?”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாழ்க்கையில் முதல்முறையாக மூன்று பெரிய மனிதர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது. ஓ.டி. நின்றதைச் சொன்னேன். தார்ப்பாய்க்கடியில் கிடக்கிற சரக்கைச் சொன்னேன்.

“யார் சொன்னது?”

“என் சிநேகிதியின் அப்பா. அங்கே ஸ்டோர்ஸில் இருக்கிறார். அவளும் வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.”

யாரும் என்னை மிரட்டவில்லை. கையை முறுக்கவில்லை. ஒரு தடவை கேட்டார், சொல்லிவிட்டேன். அவர் குறித்துக்கொண்டார்.

அடுத்து நீ போனாய். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து, ஃபைலின் நாடாவை நிதானமாகக் கட்டினாய். பாரிமுனையில் பஸ் ஏறினோம். நான் ஜன்னலுக்கு வெளியே மழைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பூந்தமல்லி வந்ததும் நீ கேட்டாய்.

“எங்கப்பாவப் பத்தி உள்ள ஏதாச்சும் சொன்னியா?”

“சே, இல்லடி.”

நான் சிரிக்கவில்லை. நீ பழக்கியது வீண் போகவில்லை.

மறு வாரமே உன் அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். ஆலை விவரத்தை வெளியே சொன்னதாகக் குற்றம். பதினெட்டு வருஷ வேலை ஒரு தாளில் போயிற்று. மறைமலை நகரில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலைக்குப் போனார். முழு ஆண்டுத் தேர்வுக்கு நீ வரவில்லை. மறைமலை நகரில் ஒரு ஃபேக்டரியில் லைனில் சேர்ந்துவிட்டாய் என்று யாரோ சொன்னார்கள். யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து ஊரில் இருந்துகொண்டு நான் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. கோடையில் சேர்ந்த முதல் நாளே விஷயம் புரிந்துவிட்டது. அதே வார்ப்பட ஆலை பொதுமக்களுக்குப் புதிதாக மேலும் பங்கு விற்கப் போகிறது. அந்த வேலையை எடுத்துச் செய்வது இந்த நிறுவனம்தான். கண்ணாடிக்காரர் அதனால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். அந்தப் பங்கு வெளியீட்டுப் புத்தகத்தின் அச்சுப்படியைப் பிழைதிருத்த என்னிடம் கொடுத்தார்கள். மின்சாரச் செலவு என்ற வரியைத் தேடினேன். காணவில்லை. ‘இதர உற்பத்திச் செலவுகள்’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். நீ கண்டுபிடித்த ஓட்டையை, நான் காட்டிக்கொடுத்து, அவர்கள் அடைத்திருந்தார்கள். நான் இரண்டு இடத்தில் கமா போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

விண்ணப்பத்துக்கு நம் ஊர் பேங்க் வாசலில் வரிசை நின்றது. அந்த ஆலையிலேயே வேலை பார்க்கிறவர்களும் நின்றார்கள். என் அப்பா கடையில் ஒரு கட்டு ஃபாரம் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் “எம் பொண்ணு வேலை செய்ற எடத்துலர்ந்து வருது” என்று பெருமையாக எடுத்துக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் ஆலை பூட்டப்பட்டது. அதற்குள் எனக்கு மாம்பலத்தில் வீடு வந்துவிட்டது.

அதற்கும் பிறகுதான் உன்னை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் பார்த்தேன். ஷிஃப்ட் முடிந்து, நீல நிறக் கோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் ஒரு கம்பெனியைப் பார்த்துவிட்டு வருகிறேன்; கார் பழுதாகி ரயிலுக்கு வந்தவள். ஒளிந்துகொள்ள இடமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு தைரியத்தில், இல்லை, பாரம் தாங்காத சுயநலத்தில், சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு நான்தான் சொன்னேன்.”

“தெரியும்.”

“எப்ப?”

“அன்னிக்கேதான். உம் பேரச் சொல்லித்தான் அந்த ஆளு எங்கிட்ட கேட்டாரு. ‘உன் ஃபிரெண்டு சொல்றாங்களே, உங்கப்பா ஸ்டோர்ஸ்ல கீறாராமே’ன்னு.”

“அப்புறம் ஏன் பஸ்ல கேட்ட?”

நீ ரயில் வருகிற பக்கம் பார்த்தாய். “நீ இன்னா சொல்லுவன்னு பாக்கத்தான்.”

ரயில் வந்தது. நீ பெண்கள் பெட்டியில் ஏறினாய். நான் ஏறவில்லை, அடுத்த வண்டிக்கு நின்றேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

உனக்குப் புற்று என்பதும், கடைசி ஒரு வருஷம் நீ அப்பா வீட்டில்தான் இருந்தாய் என்பதும் எனக்குத் தெரியாது. நம்முடன் படித்த ஒருத்தி செய்தி அனுப்பினாள். அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இப்போது பெரிய கார் கம்பெனிச் சுவர். பஸ் பஸ்ஸாக ஆள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“வா பாப்பா. நீயாச்சும் நல்லா கீறியே. அவ உன்னியப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொன்னதில்ல.”

என் கையைப் பிடித்துக்கொண்டு அவரே பேசினார். “வேல போனப்போ விசாரணையில சொன்னாங்க, உம் பொண்ணு இன்டர்வியூல சொல்லிச்சுன்னு. வூட்டுக்கு வந்து கேட்டேன். ஆமாப்பா, நான்தான், பெருமைக்கு வாய்தவறிச் சொல்லிட்டேன்னு சொன்னா. எனக்கு மனசு ஆறல பாப்பா. நாலு வருசம் அவகிட்ட மொகங்குடுத்துப் பேசல. ஒரே வூட்டுல இருந்துகினு, சோத்தத் தட்டுல போட்டு வெச்சிட்டுப் போயிருவா. நான் நிமிந்து பாக்க மாட்டேன்.”

உள்ளே யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

“நீயும் அன்னிக்குக் கூடப் போயிருந்தியே. அவளத் தடுத்திருக்கக் கூடாதா?”

அவர் குற்றம் சாட்டவில்லை. சும்மா கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “நான் வெளியில இருந்தேன் அங்கிள்.”

ஏன் பழியை நீ எடுத்துக்கொண்டாய் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். பார்க்கிறவர்கள் அதை இரக்கம் என்பார்கள். நான் உன்னை அறிவேன். அழுதவளுக்குத் துண்டு எடுத்துத் தராதவள் நீ. சாப்பாட்டு நேரத்தில் என்னை நம்பிப் பேசிய மனிதர், யாரை நம்பினோம் என்று தெரிந்து இன்னொரு தடவை உடைய வேண்டாம் என்று நினைத்திருப்பாய். எனக்காகச் செய்தது எதுவுமில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த நான்கு வருஷத்தை அவர் இன்னும் உன் பெயரில்தான் வைத்திருக்கிறார். அது உன்னுடையது இல்லை என்று சொல்லக்கூடியவள் இப்போது நான் ஒருத்திதான். இந்த இரண்டு மாதத்தில் இரண்டு தடவை காரை எடுத்துக்கொண்டு ஒரகடம் வரை வந்தேன். இரண்டு தடவையும் ஊர்த் திருப்பத்தில் நின்று திரும்பிவிட்டேன். போன வாரம் அவருக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. முதலில் என்ன உணர்ந்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நிம்மதியாக இருந்தது.