மூன்றாம் பெட்டியில் முதல் பதிப்பு

அன்புள்ள அம்மா,

இன்று காலை பதினொன்று இருபதுக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. பதறாதே, நல்ல செய்திதான். உனக்கும் அப்பாவுக்கும் உடம்பு தேவலையா?

நானும் உன் மருமகளும் சேர்ந்து தேடிய பழைய ஆராய்ச்சிக் கணினி இயங்குதளத்தின் முதல் பதிப்பு கிடைத்துவிட்டது. மூன்றாம் பதிப்பு என்று எழுதிய பெட்டிக்குள், ஒரு காந்த நாடாவில் இருந்தது. "அந்த ஆய்வகத்துல கைக்கு வந்த பெட்டியில நாடாவைப் போட்டு மூடுவாங்க. மேல எழுதினத நம்பாதீங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவள் சொன்னாளே, அது உண்மையாகிவிட்டது.

நான் போய் அதை நகலெடுத்து வந்ததும் எங்கள் மேலாளர் பல்லிளித்தார். "அறிக்கையில உன் பேரு போதும்ப்பா. போய்ச்சேர்ந்தவங்களுக்கு எதுக்குப் பேரு?"

"அவ பேரு இல்லாம நகல் வராது சார்" என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். நாடாவிலிருந்து எடுத்த ஒரே நகல் என்னிடம்தான் இருக்கிறது.

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று எழுது. தினமும் மிஞ்சிக் கொட்டுகிறேன்.

மேலாளர் விடாமல் கூப்பிடுகிறார். போனை அணைத்துவிட்டேன்.

உன் மகன்