இடிக்கும் திறக்கும் ஐந்து மதகுகள்

நீர் நிற்க. நிலம் விளைக. நெடுஞ்சுனை நாடு நெடிது வாழ்க.

மலையில் பிறந்த மழையெல்லாம் தம் குடைக்கீழ் வந்து தங்கப் பெற்றவரும், பகைவர் முதுகையும் பயிரின் முகத்தையும் ஒரே ஆண்டில் கண்டவரும், கரம்பைத்துறை ஆற்றுமணலில் மாசி விழாக் கொண்டு எழுந்தருளியிருப்பவருமாகிய பூவந்தி மாதேவியாரின் திருவடிக்கு, ஆழிக்கண்ணி ஏரியின் மதகதிகாரம் பார்க்கும் எயினங்கீரன் ஏரிக்கரையிலிருந்து நெற்றி மண்ணில் பட வணங்கி விடுக்கும் ஓலை. தேவரீரின் திருப்பெயருக்கு முன் சொல்லவேண்டிய பட்டங்கள் இருபத்தொன்று என்பதை அடியேன் மறந்தேனில்லை. மூன்று சொன்னேன், மற்றவற்றை எழுத நேரமில்லை. பொறுத்தருள்க.

ஓலை வாசிக்கும் நாயகருக்கு ஒரு விண்ணப்பம். விழா மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த வரியை உரக்க வாசிக்க வேண்டும். மாதேவியார் இக்கணமே இருக்கையை விட்டெழுந்து, மணலைக் கடந்து, வடகரை மேட்டில் ஏறியருள வேண்டும். அரசி எழாமல் விழா மணலிலிருந்து ஒருவரும் எழலாகாது என்பது நம் நாட்டு முறை. அந்த முறையினால் இன்று ஆறாயிரம் பேர் வறண்ட ஆற்றின் நடுவே பந்தலிட்டு, உலைவைத்து, குழந்தைகளைத் தூளியில் இட்டு, தேவரீரின் முகத்தைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு காதம் மேலே, கார்த்திகை மழை முழுவதையும் தேக்கிக்கொண்டு ஏரி நிற்கிறது. மதகுகள் எந்நேரமும் தாமே திறந்துவிடும் என்று அடியேன் அஞ்சுகிறேன்.

காரணம் சொல்லாத ஓலை அவையில் ஏறாது. சென்ற ஆண்டு அப்படி ஒன்று திருப்பி அனுப்பப்பட்டதை அறிவேன். ஆகவே, குதிரையை மேய்ச்சலிலிருந்து பிடித்துவர ஆள் போயிருக்கும் இச்சிறு பொழுதில் காரணத்தை எழுதுகிறேன்.

ஐந்து மதகும் ஒரே நொடியில், தேவரீரின் ஒரு விரல் அசைவில் திறக்க வேண்டும் என்று சென்ற வைகாசியில் ஆணை பிறந்தது. அடியேன் செய்த எந்திரம் எளியது. கையில் வைத்துக்கொள்ளும் ஏவற்பெட்டி ஒன்று. மதகுக்கு ஒன்றாகக் கேட்கும் பெட்டிகள் ஐந்து. ஏவற்பெட்டிக்குள் செம்புத் தகடும் துத்தநாகத் தகடும் புளித்த காடியில் ஊறிக்கிடக்கும். அவற்றில் பிறக்கும் விசையைக் கம்பிச்சுருளில் ஏற்றி, குமிழை அழுத்தினால், இரண்டு பித்தளை உருண்டைகளுக்கு நடுவே பொறி பறக்கும். அந்தப் பொறியின் அதிர்வு கண்ணுக்குத் தெரியாமல், கயிறும் கம்பியும் இல்லாமல், காற்றைக் கடந்து போகும். அதன் எட்டு ஒரு கூப்பிடு தூரமே. ஐந்து மதகும் அந்தத் தூரத்துக்குள் அடங்கும்.

கேட்கும் பெட்டியின் காது ஒரு கண்ணாடிக் குழல். அதற்குள் இரும்புத்தூள் தளர்வாகக் கிடக்கும். அதிர்வு பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாதையாகும். அந்தப் பாதையில், இப்பெட்டியிலும் உள்ள காடித்தகடுகளின் விசை ஓடிக் கொண்டியை இழுக்கும். கொண்டி விட்டால் எடைக்கல் இறங்கும். கல் இறங்க, மதகுப் பலகை ஏறும். பின்பு ஒரு சின்னஞ்சிறு சுத்தி குழலைத் தட்டித் தூளை மறுபடி உதிர்க்கும். அவ்வளவுதான். பலகையை ஏற்ற ஒரு விரல் போதும். இறக்குவதற்கோ இருபது ஆளும் ஒரு முழுப் பகலும் வேண்டும்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் எண்ணும் பற்சக்கரம் ஒன்று வைத்திருந்தேன். முதல் மதகு இரண்டு பொறிக்குத் திறக்கும், அடுத்தது மூன்றுக்கு, இப்படியே கடைசி மதகு ஆறுக்கு. ஒத்திகையில் அச்சக்கரங்களால் மதகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. ஒரே நொடியில் திறந்தால்தானே கண்ணுக்கு அழகு என்று அவையில் பேச்சு வந்தது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அழகுக்கு ஆசைப்பட்டு ஐந்து சக்கரங்களையும் நானே கழற்றி என் வீட்டுப் பரணில் போட்டேன். அன்றுமுதல் அந்தக் காதுகளுக்குக் கூப்பிடுகிறவர் யார் என்று கேட்கத் தெரியாது. எங்கே எந்தப் பொறி பறந்தாலும் அவை எழுந்து நிற்கும்.

மின்னலும் ஒரு பொறிதான், மாதேவி. அதன் எட்டுக்கு மட்டும் கூப்பிடு தூரம் என்ற கணக்கில்லை.

இதை இன்றுதான் அறிந்தேன் என்று எழுத எழுத்தாணி மறுக்கிறது. திறப்புவிழா நாளில் தேவரீர் பல்லக்கிலிருந்து இறங்குமுன், குமிழில் விரல் படுமுன், முதல் மதகு தானே திறந்ததை நினைவுகூர்க. அரசியின் வரவறிந்து மதகே எழுந்து வணங்கியது, இதைவிட நற்சகுனம் உண்டோ என்று அவையோர் ஆர்த்தார்கள், பூமாரி பொழிந்தது, அடியேனுக்கு நீரறி பேரேனாதி என்ற பட்டமும் பச்சைப் பட்டும் கிடைத்தன. அந்நேரம் மேற்குமலைக்குப் பின்னால் மின்னி, இடி முணுமுணுத்ததை நான் கேட்டேன். மதகைத் திறந்தது அதுதான் என்று உணர்ந்தேன். ஆயினும் சகுனம் என்று நாடே கொண்டாடும்போது, இல்லை, அது கோளாறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பட்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

மழைக்காலம் முழுவதும் ஏரி நிறையட்டும் என்று பெட்டிகளில் காடி ஊற்றாமல் வைத்திருந்தோம். விழா முடிவில் தேவரீர் ஏரிக்கரைக்கு எழுந்தருளிக் குமிழ் அழுத்துவதற்காக முந்தாநாள் காடி ஊற்றி, மதகறைக் கதவு ஐந்திலும் அரக்கு வைத்துத் தேவரீரின் முத்திரை இடப்பட்டது. பெட்டியும் கொண்டியும் எடைக்கல்லும் அந்த அறைகளுக்கு உள்ளே இருக்கின்றன. ஏவலின்றி அரச முத்திரையை உடைத்த கை மணிக்கட்டோடு போகும் என்பது சட்டம்.

இன்று உச்சிப்பொழுதுக்குச் சற்று முன், மாசியில் வரக்கூடாத மேகம் ஒன்று மேற்குமலைமேல் வந்து உட்கார்ந்தது. மடைக்காவலன் காடன் தாழி ஓடிவந்து என்னை மூன்றாம் மதகுக்கு அழைத்துப்போனான். இருபது ஆண்டுகளாக இக்கரையில் நிற்பவன், வீண்பேச்சு அறியாதவன். கதவில் காதை வைத்துக் கேட்கும்படி சொன்னான். கேட்டேன். மலைமேல் ஒரு மின்னல். அறைக்குள் சுத்தி ஒரு தட்டு. மறுபடி ஒரு மின்னல். மறுபடி ஒரு தட்டு. கொண்டியை இழுக்கும் அளவுக்கு அதிர்வு இன்னும் வலுக்கவில்லை. ஆனால் பெட்டி கேட்டுக்கொண்டிருக்கிறது. ஊமையும் செவிடனும்கூட ஆள் பார்த்துத் தலையாட்டுவார்கள், ஐயா செய்த பெட்டி யார் இருமினாலும் கதவைத் திறந்துவிடும் போலிருக்கிறதே என்று காடன் தாழி சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேகம் மலையைவிட்டு இறங்கி நம்மை நோக்கி வருகிறது.

கணக்கு இது. ஓலை தங்களிடம் சேர இரண்டு நாழிகை. மறுமொழி இங்கு வர இன்னும் இரண்டு. மேகம் ஏரிக்கு மேலே வர ஒரு நாழிகைகூட ஆகாது. ஐந்து மதகும் திறந்தால் வெள்ளம் விழா மணலைத் தொட நான்கு நாழிகை. ஆகவே முத்திரையை உடைக்கத் தேவரீரின் ஏவலை வேண்டுகிறேன். வேண்டும்போதே அந்த ஏவல் நேரத்துக்கு வராது என்பதையும் அறிவேன்.

காடன் தாழி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். தன் கை மண்வெட்டி பிடிக்கும் கை என்றும், ஒன்று போனால் மற்றொன்றால் மாடாவது மேய்க்கலாம் என்றும், ஐயாவின் கை போனால் இந்தப் பெட்டியைச் சீர்செய்ய நாட்டில் வேறு ஆளில்லை என்றும், ஆகவே முத்திரையைத் தானே உடைப்பதாகவும் சொன்னான். மாதேவி, நான் உடனே மறுக்கவில்லை. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறதே என்று என் மனம் அவசரமாக ஒப்புக்கொண்டது. இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட நேரம் நான் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எழுதாமல் விட்டாலும் எழுத்தாணி என்னைச் சும்மா விடாது.

இவ்விடத்தில் எழுத்தை நிறுத்த நேர்ந்தது.

இப்போது மீண்டும் எழுதுகிறேன். மேலைக்கரையில் ஒரு மின்னல் இறங்கி, மூன்றாம் மதகின் கொண்டி விழுந்தது. எடைக்கல் இறங்கிய ஓசை கரையையே குலுக்கிற்று. காடன் தாழி கடப்பாரையோடு நான்காம் மதகை நோக்கி ஓடினான். நானும் ஓடினேன். என் கால்கள் ஓடும் என்று நான் நினைத்ததில்லை. அவன் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டேன். நான்காம் அறையின் அரக்கு உடைந்தது. குழலைப் பிடுங்கித் தூளைத் தரையில் கொட்டினேன். பின்பு ஐந்தாம் அறை, இரண்டாம் அறை, முதல் அறை. முதல் அறையில் குழலைத் தொடும்போது சுத்தி என் விரல்மேல் தட்டியது. அலறிவிட்டேன். ஆனாலும் குழல் கையோடு வந்துவிட்டது. நான்கு மதகும் இனி எந்த இடிக்கும் அசையா.

திறந்த மூன்றாம் மதகின் நீர் வந்துகொண்டிருக்கிறது. அது ஐந்தின் வெள்ளமன்று. ஆயினும் நின்றவருக்கு முழங்காலளவும், தூளியில் கிடப்பவருக்கு உயிரளவும் வரும். ஐந்து நாழிகைக்குள் மணலைச் சேரும். தேவரீர் எழுந்தருள்க. அரசி எழுந்தால் நாடு எழும்.

மதகதிகாரத்தின் உரிமையால் அடியேன் இடும் ஆணைகள்: கரம்பைத்துறைக் காவலர் பந்தல் கயிறுகளை அவிழ்க்க நில்லாமல் அறுத்தெறிக. உலைகளை விட்டுவிட்டுக் குழந்தைகளை எடுக்க. இருபது ஆளும் எருதும் இன்றே ஏரிக்கு அனுப்புக. எண்ணும் சக்கரங்கள் என் வீட்டுப் பரணில், வலப்பக்க மூலையில் இருக்கின்றன. அவை பூட்டப்படாமல் எந்தப் பெட்டிக்கும் காடி ஊற்றலாகாது.

நான்கு முத்திரையையும் உடைத்தது எயினங்கீரனின் வலக்கை. காடன் தாழியின் கை அரக்கைத் தொடவில்லை. இதற்கு ஏரி சாட்சி. பச்சைப் பட்டை இவ்வோலையின்மேல் சுற்றி அனுப்பியிருக்கிறேன். பட்டத்தை அவையே எடுத்துக்கொள்க. தண்டனைக்கு இங்கேயே காத்திருப்பேன். ஓடிப்போகும் துணிவு எனக்கு இல்லை என்பதைத் தேவரீர் இதற்குள் அறிந்திருப்பீர்கள்.

மாசித் திங்கள், உச்சிக்குப் பின் முதல் நாழிகை. ஆழிக்கண்ணிக் கரையில் எழுதி, மதகு முத்திரை இட்டது. இதைக் கொண்டுவரும் குதிரைக்காரனை வாயிலில் நிறுத்தற்க. நீர் அடங்குக, கோல் நிமிர்க, தேவரீர் நலமே கரை ஏறுக.

கடைசிப் பகுதியின் எழுத்துக் கோணலாயிருப்பதைப் பொறுத்தருள வேண்டும். மீண்டும் எழுதத் தொடங்கியதிலிருந்து இடக்கையால் எழுதுகிறேன். பழகிக்கொள்ள வேண்டுமே.