பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்

மார்ச் 4

கண்ணு,

இங்கே நலம். கடல் தாண்டிய ஊரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் அம்மா என்னைத்தான் கேட்பாள்.

டயர் கடையை உன் அண்ணனிடம் விட்டதிலிருந்து வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். "எதையாவது படிங்களேன்" என்று உன் அம்மா துரத்தினாள். பழைய புத்தகக் கடையில் போட்டோ திருத்தக் கற்றுத்தரும் தடிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் பாடத்தில் உன் அம்மா முகத்துக்கு வெளிச்சம் கூட்டினேன். மூக்கைத் தவிர எல்லாம் மறைந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல என் மூக்கு மட்டும்தான் பிடிச்சுதா?" என்கிறாள்.

இப்போது ஏழாம் பாடம்: படத்தில் வேண்டாத ஆட்களை அழிப்பது. பக்கத்து இடத்தைக் கிள்ளி ஆள்மேல் ஒட்டிக்கொண்டே போனால் ஆள் காலி. பஞ்சர் ஒட்டிய கைக்கு இது வராதா? நீ அனுப்பிய மூன்று படங்களிலும் கை வைத்தேன். பூங்காவில் மரத்தடியில் ஒருவர், காய்கறிக் கடையில் உன் பின்னால் ஒருவர், பெஞ்சில் உன்னை ஒட்டி உட்கார்ந்த ஒருவர். "இதை நல்லாப் பாருங்கப்பா" என்று பெஞ்சுப் படத்தோடு எழுதியிருந்தாயே, நல்லாப் பார்த்தேன். உறுத்தியது அந்த ஆள்தான்.

உன் அம்மா எட்டிப் பார்த்து, "இவரை அந்தப் படத்துலயும் பார்த்த மாதிரி இருக்கே" என்றாள். "உனக்கு எல்லாரும் பார்த்த மாதிரிதான் இருக்கும்" என்று அடக்கிவிட்டேன்.

மூன்றையும் அச்சுப் போட்டு இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பெஞ்சுப் பலகை கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

அப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கவரைப் பிரித்து அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அது மூன்று பேர் இல்லை அப்பா. ஒரே ஆள். எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். எழுதத் தைரியம் வராமல், முதல் படத்தில் தூரமாய் நிற்கச் சொன்னேன். அடுத்ததில் என் பின்னால். பிறகு பக்கத்தில். படம் படமாக உங்களுக்குப் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். "மாமனார் வீட்டுக்குத் தவணையில போற ஆளு நான்தான்" என்று சிரிப்பார்.

நீங்கள் எதையும் நேராக மறுத்ததில்லை. அண்ணன் பாட்டு படிக்கப் போகிறேன் என்றபோது ஒரு ஜோக் சொன்னீர்கள். அதோடு அவன் பாட்டு முடிந்தது. இவரை அழித்து அனுப்பியதும் வேண்டாம் என்று சொல்லும் அப்படி ஒரு ஜோக் என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் நீங்கள் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டோம். சாட்சிக்கு நர்ஸ் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

மகள்

ஏப்ரல் 15

கண்ணு,

மெதுவாகச் சொல்ல எனக்கு வாய் இருந்தால்தானே? கடிதத்தை அப்படியே உன் அம்மா கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "மருமகனை உங்க கையாலயே அழிச்சீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

வழிப்போக்கர் என்றுதான் நினைத்தேன். சத்தியம். அது புத்தகத்துப் பாடம் கண்ணு, உனக்குச் சொன்ன பதில் இல்லை. என் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்த நாளில் நான் பல் தேய்த்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்திருக்கிறேன்.

இன்னொன்று. உன் அண்ணனிடம் போய், "நான் ஜோக் சொல்லி மறுக்கிற ஆளாடா?" என்று கேட்டேன். டயரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாப்பா" என்றான். இத்தனை நாள் என்னை வேடிக்கையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கலாம் என்றால், பழைய படத்தின் மேலேயே திருத்தியதைச் சேமித்து வைத்திருக்கிறேன், நான் ஒரு முட்டாள். மரத்தடியில் மரம்தான் இருக்கிறது. கல்யாணப் படம் ஒன்று அனுப்பு. தொட மாட்டேன்.

அப்பா

ஏப்ரல் 28

அப்பா,

இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். "அப்ப அவங்க என்னை வேண்டாம்னு சொல்லவே இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

இதோடு கல்யாணப் படம் வைத்திருக்கிறேன். என் வலப்பக்கம் வெறும் சுவராக இருக்கும். "நடுவுல வாங்க" என்று போட்டோக்காரர் கத்தினார். உங்கள்மேல் அவ்வளவு கோபம் இருந்தும், நீங்கள் நிற்க வேண்டிய அந்த இடத்துக்கு நகர எனக்குக் கால் வரவில்லை. உங்கள் புத்தகத்தில் ஆள் சேர்க்கிற பாடம் இருந்தால், நீங்களும் அம்மாவும் அங்கே நின்றுகொள்ளுங்கள்.

மகள்

மே 9

கண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்,

இருக்கிறது. பதினோராம் பாடம். உன் அம்மாவிடம், நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நில், படம் எடுத்து ஒட்டுகிறேன் என்றேன். "என்னை வெட்டி ஒட்டுனா கையை ஒடிப்பேன். டிக்கெட் போடுங்க" என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள், அதுவே போதும். விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.

மாப்பிள்ளை, அந்தச் சுவரோரம் நாங்கள் வந்து நிற்கலாமா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் நேராகவே சொல்லிவிடுங்கள். என்னை மாதிரி ஜோக் சொல்லாதீர்கள்.

அப்பா