அலக்காத வேட்டைச் சட்டை

எனக்குப் பிடித்த சண்டைக்காரா, மச்சினா ஞானதாசே,

சும்மா இரு. அந்தச் சட்டைக்காக நீ வாயைத் திறக்கவே வேண்டாம். கல்லறைக்குள்ளே படுத்துக்கொண்டும் பெண்டாட்டி பக்கம்தான் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பெண்டாட்டி ஆவதற்கு முன்னாலேயே ரோசம்மா எனக்குத் தங்கச்சி ஆக்கும்.

சேதி கேள். உன் துப்பாக்கி லைசென்ஸ் அவள் பேருக்கு மாறிவிட்டது. காட்டுப்பன்னியைச் சுடப் பஞ்சாயத்தும் அனுமதி கொடுத்துவிட்டது. ரப்பர் தோட்டத்திலிருந்து இறங்கி, உங்கள் விளை நிலத்தில் நிற்கிற மரச்சீனியைப் பாதிக்கு மேல் கிளறிப் போட்டுவிட்டன. இப்படியே விட்டால் பிடுங்குவதற்கு ஒரு மரவள்ளிக் கிழங்குகூட மிஞ்சாது.

சுடத் தெரிந்தவள்தான், நீதானே பழக்கினாய். ஆனால் எதை உடுத்துக்கொண்டு போகிறாள் தெரியுமா? உன் காக்கிச் சட்டையை. நீ கடைசியாக வேட்டைக்குப் போட்டது. நீ செத்த பிறகு அதைத் துவைக்கவில்லை, அலக்கவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. காலரில் இன்னும் உன் வியர்வை, தலையெண்ணெய், பீடி. பன்னிக்குக் கண்தான் மட்டம், மூக்கு அப்படியா?

உயிரோடு இருந்தபோது என்னவெல்லாம் சட்டம் பேசினாய்! வேட்டைத் துணிக்குச் சோப்பு கூடாது, வெறும் தண்ணீரில் அலசி ரப்பர் மரத்தடியில் காயப்போட வேண்டும். நைலான் கூடாது, நடந்தால் சரசரக்கும். வேட்டி கூடாது, முள்ளில் மாட்டும். ஒருநாள் நான் முகத்துக்குப் பவுடர் போட்டு வந்ததற்கு, "மச்சினா, கல்யாணத்துக்கா வாறே? வீட்டுக்குப் போ!" என்று பாதி வழியில் திருப்பி அனுப்பினாயே. கூட வந்தவன் எல்லாம் சிரித்தான். இப்போது யாரைத் திருப்பி அனுப்ப?

சனிக்கிழமை விடியும்போது நானும் அவளோடு விளையோரத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரிய ஆண்பன்னி ஒன்று வந்தது. மூக்கைத் தூக்கியது, ஒரு உறுமல், திரும்பிவிட்டது. நாங்கள் எழுந்து போனதும் மறுபக்கமாக வந்து வயிறு நிறையத் தின்றது. உன் நாற்றத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

பாலராமபுரத்தில் நல்ல பருத்தித் துணி எடுத்து, இலைப்பச்சையில் சாயம் முக்கி, லூசாக ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். உடம்பில் கிடப்பதே தெரியாது. ஒரு தடவை போட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தாள்.

"இத போட்டா கை வெறைச்சு ஆடுது அண்ணே. அவருக்க சட்ட போட்டாத்தான் தோக்கு ஆடாம நிக்கும்."

"அப்பம் அத அலக்கிப் போடு பிள்ளே."

"அலக்கினா பின்ன அதுல என்ன உண்டு?"

இதற்குப் பதிலை நீ சொல்லேன். சாகிறதுதான் செத்தாய், வேட்டைச் சட்டையை அலசிப் போட்டுவிட்டுச் சாகக் கூடாதா? பெரிய வேட்டைக்காரன்!

இதை எழுத எழுத அவளுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டுகிறேன். எதிரே உட்கார்ந்திருக்கிறாள், சட்டை மடியில் கிடக்கிறது. ஆகையால் மச்சினா, இன்றைக்கே இவள் கனவில் வந்து, ரோசம்மா, என் மணம் போனாலும் பரவாயில்லை, நீ அதை அலக்கி...

"படிச்சது மதி, நிறுத்து அண்ணே." எழும்பிவிட்டாள். "அந்த மரச்சீனிய பன்னி திங்கட்டு. பின்னையும் நடலாம்."

சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மீதியை யாருக்குப் படிக்க?

ஜெயித்துவிட்டதாக இளிக்காதே. இனி அவளை அலக்கச் சொல்ல மாட்டேன், சத்தியம். நாளை முதல் தகரம் தட்டிக்கொண்டு நானே விளைக்குக் காவல் இருப்பேன். உன்னோடு மட்டும் இனிப் பேச்சு இல்லை.

உன் பெண்டாட்டிக்கு ஒரே அண்ணன்,
தாசையன்